கொண்டி மாடும் கொண்டி மோட்டாரும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்குக் காப்பிப்பொடி வாங்கப் போனேன். கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை அது. சிக்கரி எவ்வளவு கலப்பது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் பதினைந்து வருஷமாக அபிப்பிராய பேதம் உண்டு. ஆகையால் கடைக்காரரிடம் பேசி ஒரு முடிவுக்கு வரச் சற்று நேரம் ஆகிவிட்டது. சூடான பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தால், கார் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. காரைக் காணோம்.

திருட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர்த் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"திருடன் இல்லீங்க ஐயா, போலீஸ்காரங்கதான். கொக்கி வண்டி வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. நான் கூவினேன், அரைக்கிற சத்தத்துல உங்களுக்குக் கேக்கலே" என்றாள். பிறகு, மேலே கையைக் காட்டினாள். வேப்பங்கிளைக்குள் பாதி மறைந்தபடி ஒரு பலகை. வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ஒன்று. அதன் குறுக்கே சிவப்புக் கோடு. குற்றம் என்னுடையதுதான். சந்தேகம் இல்லை.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கார் வைத்திருக்கும் எந்த ஊரிலும் நடப்பதுதான் இது. ரயில் பாதைக்குப் பின்புறம் மதில் எழுப்பிய ஒரு மைதானம். உள்ளே நூற்றுக்கணக்கான வண்டிகள். முன்வரிசையில் என்னுடையதைப் போல அன்று காலையில் வந்தவை. அவற்றின் பின்னால், ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம் என்று வயது ஏறிக்கொண்டே போகிறது. கடைசி வரிசையில் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் பாகற்கொடி படர்ந்து காயும் காய்த்திருந்தது.

வாசலில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு பெரிய புத்தகம். காவல்காரர் பதிவுப் புத்தகத்தையும் லைசென்ஸையும் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கதை எழுதுகிறேன்."

"எழுதத் தெரிகிறது, போர்டைப் படிக்கத் தெரியவில்லையே, ஸார்!" என்றார்.

நியாயமான விமரிசனம். அபராதத்தையும் இழுவைக் கூலியையும் செல்போனிலேயே கட்டினேன். பெரிய புத்தகத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டேன். வண்டியின் எண், அடையாளம், வந்த நாள், மணி, பிடித்தவர் பெயர், உடையவர் பெயர் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்ட புத்தகம். அதைப் பார்த்ததும் எனக்குத் திடீரென்று எங்கள் கிராமத்து மாட்டுப் பவுண்டின் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயும் இப்படி ஒரு புத்தகம் இருந்தது.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். வயலில் இறங்கி மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற இடத்தைச் சிலர் பவுண்டு என்பார்கள். பெரியவர்கள் கொண்டித் தொழு என்பார்கள். கட்டுக்கு அடங்காமல் பயிரை மேயும் மாடு கொண்டி மாடு. அது அடைபடும் இடம் கொண்டித் தொழு. பழைய தமிழில் கொண்டி என்றால் கொள்ளை என்றும் அர்த்தம் உண்டு. ஆக, கொள்ளையடித்த மாடு அடைபடும் இடமா, மாட்டைக் கொள்ளை கொண்டு வந்து அடைக்கும் இடமா என்பதை, அவரவர் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அதைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளலாம்.

மாட்டைப் பிடிப்பதும் மீட்பதும் தமிழர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. நம் இலக்கணக்காரர்கள் போரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே மாட்டைக் கொண்டுதான் தொடங்குகிறார்கள். பகைவருடைய ஆநிரையைக் கவர்வது வெட்சி. போனதை மீட்டுக்கொண்டு வருவது கரந்தை. தொல்காப்பியர் மீட்பதையும் வெட்சிக்குள்ளேயே அடக்கிவிட்டார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் அதற்குத் தனித் திணை கொடுத்துக் கௌரவித்தது. இலக்கணம் மட்டும் அல்ல. தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-ல் கண்டெடுத்த பழைய நடுகற்களில் ஒன்று, தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆகோளைப் பற்றிப் பேசுகிறது. மாட்டுச் சண்டையில் உயிர்விட்டவனுக்குக் கல் நட்டவர்களின் வம்சத்தில் வந்தவன், வரிசையில் நின்று ரசீது வாங்கிக்கொண்டு காரை மீட்டான். காலம் நல்லதற்குத்தான் மாறியிருக்கிறது. எனக்கு யாரும் கல் நடவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஆனால், அந்தப் பெரிய புத்தகம் நம்முடைய ஏற்பாடு அல்ல. அது இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்நாட்டுக் கிராமங்களில் அலைகிற மாட்டையும் ஆட்டையும் அடைக்கக் கல்லாலோ மரத்தாலோ ஒரு வளைப்பு இருந்தது. அதற்குப் பெயர்தான் பவுண்டு. பிறர் நிலத்தில் மேய்ந்த மாடு மட்டும் அல்ல, குத்தகை பாக்கி வைத்தவனுடைய மாடும் அங்கே போய்ச் சேரும். மாட்டைப் பிடித்தவன் அதை எங்கோ கண்காணாத இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டால் ஏழை என்ன செய்வான்? அதனால், 1267-லேயே, மூன்றாம் ஹென்றி காலத்து மார்ல்பரோ சட்டம், பிடித்த மாட்டை அந்த மாவட்டத்தைத் தாண்டிக் கொண்டு போகக்கூடாது, அளவுக்கு மீறிப் பிடிக்கவும் கூடாது என்று விதித்தது. மேரி ராணி காலத்தில், 1554-ம் வருஷத்துச் சட்டம் இன்னும் துல்லியமாகப் பேசிற்று. மூன்று மைலுக்கு அப்பால் உள்ள பவுண்டுக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. அடைப்புக் கூலியாக நாலு பென்னிக்குமேல் வாங்கவும் கூடாது. தொலைவுக்கு ஓர் எல்லை, கூலிக்கு ஓர் எல்லை. எங்கெல்லாம் பட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த இரண்டு தொல்லைகளும் இருந்திருக்கின்றன என்று தெரிகிறது.

அந்த வளைப்பு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1857-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பிறகு அதைத் திருத்தி 1871-ல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று வெளியிட்டார்கள். அந்த வருஷத்தின் முதலாவது சட்டமே அதுதான். அதன் அபராதப் பட்டியலைப் படித்தால் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் விளம்பரம் போல இருக்கும். யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரைக்கும் காளைக்கும் பசுவுக்கும் 4 அணா. கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா. ஆட்டுக்கு ஓர் அணா. பிறர் வயலில் இறங்கிய யானையைப் பிடித்துப் பவுண்டுக்கு நடத்திக்கொண்டு போனவர் யாராவது உண்டா என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் மிச்சப் பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுதியவன் ஊர்ப் பவுண்டை நன்றாக அறிந்த ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

மாட்டைப் பிடித்தவன் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்கவேண்டும். வந்த நாளும் மணியும், மாட்டின் அடையாளமும், பிடித்தவன் பெயரும் புத்தகத்தில் ஏறவேண்டும். அந்தப் பதிவின் நகல் பிடித்தவன் கையில் சேரவேண்டும். அடைபட்ட மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் பவுண்டுக்காரர்தான் வைக்கவேண்டும். அபராதம் எவ்வளவு, தீனிக் கூலி எவ்வளவு என்பதை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் எழுதித் தொங்கவிடவேண்டும். ஏழு நாள் யாரும் வராவிட்டால் போலீஸுக்கு எழுதவேண்டும். ஊரில் தமுக்கு அடிக்கவேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாள் பொறுத்துத்தான் ஏலம். உடையவன் வந்தும் பணம் கட்டாவிட்டால், பாக்கி தீரும் அளவுக்கு மாடுகளை விற்று, மிச்ச மாட்டையும் மிச்சப் பணத்தையும் கணக்கோடு அவன் கையில் கொடுக்கவேண்டும். அந்த ஏலத்தில் போலீஸ்காரரோ பவுண்டுக்காரரோ மாடு வாங்கக்கூடாது.

பிடித்ததே தவறு என்று நினைப்பவன் பத்து நாளுக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் போகலாம். தவறு என்று தீர்ப்பானால் கட்டிய பணமும் திரும்பும். 100 ரூபாய் வரை நஷ்ட ஈடும் கிடைக்கும். அந்தக் காலத்து 100 ரூபாய்! அதே சமயம், பொறுமை இழந்து பட்டியை உடைத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் ஆறு மாதம் வரை சிறை. கரந்தை வீரனுக்கு நடுகல் போய் ஜெயில் வந்தது.

இனி மோட்டாருக்கு வருவோம். மாடு தானே நடந்து பவுண்டுக்கு வரும். மோட்டார் வராது. அதை இழுத்துக்கொண்டு வர ஒருவன் யுக்தி கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்துச் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் அவருடைய நண்பரின் ஃபோர்டு கார் ஓடையில் கவிழ்ந்துவிட்டது. கயிறும் கப்பியும் ஆறு ஆட்களும் சேர்ந்து அதைக் கரையேற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டதாம். இதற்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று நினைத்த ஹோம்ஸ், 1916-ல், பழைய காடிலாக் கார் ஒன்றின் பின்புறம் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். இழுவை வண்டி பிறந்தது. இன்று அதே ஊரில் இழுவை வண்டிகளுக்கென்று ஒரு மியூசியமே இருக்கிறது. விழுந்தவனைத் தூக்கிவிடத்தான் ஹோம்ஸ் அதைச் செய்தார். நின்றவனைத் தூக்கிக்கொண்டு போகவும் அது உதவும் என்பதை நகரசபைகள் பிறகு கண்டுகொண்டன.

நகரசபைகளுக்கும் அவசியம் இல்லாமல் இல்லை. கடைத்தெரு முழுவதும் கார் நின்றால் கடைக்கு வருகிறவன் எங்கே நிற்பான்? 1935-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி ஓக்லஹோமா நகரில், கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரரின் முயற்சியால், உலகத்தின் முதல் காசு மீட்டர் தெருவோரத்தில் நட்டு வைக்கப்பட்டது. மணிக்கு 5 சென்ட். தெருவில் சும்மா நிற்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மனிதன் அன்றுதான் அறிந்தான்.

அடுத்த யுக்தி டென்வர் நகரில் தோன்றியது. அங்கே ஃபிராங்க் மரக் என்பவர் இரும்பு வார்ப்புக்கு மாதிரிக் கட்டை செதுக்குகிறவர். நகரத்து சிம்பனி வாத்தியக் கோஷ்டியில் வயலினும் வாசிப்பார். அவர் செய்துகொடுத்த சக்கரப் பூட்டை 1955 ஜனவரியில் டென்வர் போலீஸார் உபயோகிக்கத் தொடங்கினார்கள். காரை இழுத்துக்கொண்டு போகவேண்டாம். நின்ற இடத்திலேயே கால்விலங்கு மாட்டிவிட்டால் போதும். வயலின் வாசித்த கைதான் இந்த விலங்கையும் செய்தது என்பதை அறிந்து எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

1983-ல் அந்த விலங்கு லண்டனுக்கு வந்தது. போலீஸார் கையில் இருந்தவரையில் ஜனங்கள் முணுமுணுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் தனியார் மனைக்காரர்களும் பூட்டை வாங்கி வைத்துக்கொண்டு வாயில் வந்த தொகையைக் கேட்க ஆரம்பித்தபோது விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1992-ல் ஸ்காட்லாந்து நீதிமன்றம், காரைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதுதான் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபரில் தனியார் பூட்டு சட்டப்படி குற்றமாயிற்று. பென்னிக் கணக்கில் கூலிக்கு எல்லை கட்டிய நாடு, அந்தப் பாடத்தை நானூற்றைம்பது வருஷம் கழித்து மறுபடியும் படிக்கவேண்டியிருந்தது.

பட்டிகளின் ஸ்தல புராணமும் விசித்திரமானது. நியூயார்க்கில் ஹட்ஸன் நதிக்கரையில் 76-ம் எண் கப்பல் துறை, பல வருஷங்கள் போலீஸாரின் கார்ப் பட்டியாக இருந்தது. உலகத்தில் மிக உயர்ந்த மனை விலை உள்ள ஊர்களில் ஒன்றிலே, ஆற்றங்கரைக் காற்றை அடைபட்ட கார்கள் அனுபவித்துக்கொண்டிருந்தன. கடைசியில் அவற்றை அப்புறப்படுத்தி, 2021 ஜூனில் அந்த இடத்தைப் பொதுமக்களுக்குப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள்.

நம் நாட்டு விதி 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவில் இருக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்குமேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி உத்தரவு கொடுக்கலாம். இழுவைக் கூலி முழுவதும் உடையவன் தலையில். அபராதம் அதற்குமேல் தனி. சீருடை அணிந்த அதிகாரி என்ற இடத்தை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கையெழுத்துப் போடுவதற்குமுன் வண்டியை ஒரு தரம் சுற்றிவந்து, புதிய கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனபிறகு என் மனைவி பார்த்தாள்.

என் வண்டி ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது. ஆனால் வாசலில் சுமை ஆட்டோக்காரர் ஒருவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நான் போகும்போதும் உட்கார்ந்திருந்தார். பழைய அபராதங்கள் சேர்ந்துவிட்டன, இன்ஷூரன்ஸும் புதுப்பிக்கவில்லை. வண்டி ஐந்து நாளாக உள்ளே இருந்தது.

"பணம் கட்டமாட்டேன்னு சொல்லலே அண்ணே. வண்டி ஓடினாத்தான் பணம் வரும். பணம் கட்டினாத்தான் வண்டி வரும். நான் எந்தப் பக்கமா நுழையறது?" என்றார்.

இந்தக் கேள்வி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிருக்கிறது. சிகாகோ நகரத்தில் அபராத பாக்கிக்காகக் கார்களைப் பறிகொடுத்தவர்கள் சிலர், கடனைத் தவணையில் தீர்க்கிறோம் என்று திவால் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். மனுப் போட்டதும் காரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. கொடுக்கமாட்டேன் என்றது நகரம். 2021 ஜனவரி 14-ந் தேதி, முன்பே எடுத்ததைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது மட்டும் அந்தச் சட்டப் பிரிவை மீறியதாகாது என்று நீதிபதிகள் ஒருமனதாக நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஆனால் ஸோனியா ஸோடோமயோர் என்ற நீதிபதி தீர்ப்போடு உடன்பட்டுவிட்டு, தனியே சில வார்த்தைகள் எழுதினார். கார் இல்லாதவன் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாதவன் தவணையும் கட்டமுடியாது என்பது அவற்றின் சாரம். அவர் எழுதியதும் எங்கள் சுமை ஆட்டோக்காரர் சொன்னதும் ஒன்றுதான்.

நம் சுப்ரீம் கோர்ட்டும் 2002-ல், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இதற்குப் பக்கத்து விஷயத்தைப் பேசியது. வழக்கில் பிடிபட்ட வண்டிகள் போலீஸ் நிலைய வாசல்களில் வருஷக்கணக்கில் துருப்பிடித்துக் கிடப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை; தக்க ஜாமீனும் உறுதிப் பத்திரமும் வாங்கிக்கொண்டு மாஜிஸ்டிரேட்டுகள் சீக்கிரம் உத்தரவு போடவேண்டும்; பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குமேல் பொருள்கள் அங்கே கிடக்கக்கூடாது என்று சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டம், படமும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொண்டு பொருளைத் தீர்த்துவிடும்படி நாள் கணக்கே போட்டுக் கொடுக்கிறது. இருந்தாலும் மோட்டார் சைக்கிளில் பாகற்காய் காய்க்கத்தான் செய்கிறது.

எங்கள் கிராமத்துப் பவுண்டில் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்திக்குச் சொத்து என்று இருந்தது ஓர் எருமைதான். அது கயிற்றை அறுத்துக்கொண்டு யாருடைய நாற்றங்காலிலோ இறங்கிவிட்டது. பிடித்து அடைத்துவிட்டார்கள். இரண்டு நாளாகத் தெருவுக்குப் பால் இல்லை. மூன்றாம் நாள் காலை அவள் எங்கள் ஆச்சியிடம் வந்து நின்றாள்.

"ஏட்டி, மாட்டை அவுத்து விட்டது உன் தப்புதானே?" என்று ஆச்சி அதட்டினாள்.

"தப்புதான் ஆச்சி. ஆனா, கறவையை அடைச்சிப்போட்டு எங்கிட்ட ரூவாய்க்குக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றாள் அவள்.

ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்தாள். என்னையும் கூட அனுப்பினாள். பவுண்டுக்காரர் பெரிய புத்தகத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு எருமையை அவிழ்த்துவிட்டார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தினம் உழக்குப் பால் அதிகமாக வந்தது. சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டாள் ஆச்சி. கோடுகள் முடிந்த அன்று அவளே ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். அபராதம் தள்ளுபடி ஆகவில்லை. நாற்றங்காலின் சொந்தக்காரருக்கும் நஷ்டம் இல்லை. கறவையை முதலில் அவிழ்த்துவிட்டார்கள். கடனைப் பாலில் கழித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மாட்டுப் பட்டிக்கு இருந்த மரியாதைகளை மோட்டார்ப் பட்டிக்கும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. கூலி எவ்வளவு என்று வாசலில் எழுதிப் போடலாம். நாள்கூலி வண்டியின் விலையையே தின்றுவிடாமல் ஓர் எல்லை கட்டலாம். பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டியாக இருந்தால், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, முதலில் அவிழ்த்துவிட்டுத் தவணையில் வசூலிக்கலாம். காப்பிப்பொடி வாங்கப் போன என்னைப் போன்றவனுக்கு இந்தச் சலுகை ஒன்றும் வேண்டாம். எனக்கு அபராதம் ஒரு தொந்தரவு. அவருக்கு அது அடுப்பு.

ஆச்சியின் பேரன் அன்று என்ன செய்தான் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆட்டோக்காரரின் பாக்கி எவ்வளவு என்று நான் கேட்டேன். சொன்னார். என் செல்போனில் அந்தத் தொகை இருந்தது. "பாவம்தான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டு வந்துவிட்டேன். காப்பிப்பொடியின் சூடு அதற்குள் ஆறிப்போயிருந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் புதிய வண்டிகள் நின்றன. சுமை ஆட்டோ, பாகற்கொடிக்குப் பக்கத்து வரிசைக்கு நகர்ந்திருந்தது.